மூலப் பத்திரம் எங்கே?

ஜூலை மாதம். குற்றாலத்தில் சாரல். பேரருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறீர்கள். ஒரு பக்கம் மிளகாய் பஜ்ஜி வாசனை. இன்னொரு பக்கம் வேறொரு வாசனை. வாசனை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். பலாவுக்குத் தம்பி மாதிரி, உடம்பெல்லாம் முள்ளோடு அடுக்கிவைத்திருக்கிறார்கள் ஒரு பழத்தை. துரியன்.

விலையைக் கேட்டால் அருவிக் குளிர் அந்த நிமிஷமே விட்டுப்போகும். ஆனாலும் வாங்குகிறார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாதவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். துரியன் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பது குற்றாலத்தில் ரொம்ப காலமாக இருக்கிற நம்பிக்கை.

போன சீஸனில் நான் நின்ற கடையில் ஒரு சின்னப் பெண், கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, நெசமாவே கேக்குமா?"

கடைக்காரர் மேலே மலையைக் காட்டினார். "அகத்தியர் இருந்த மலைம்மா. சித்தர் வாக்கு பொய்க்குமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பர்ஸைத் திறந்தார்.

விஷயம் என்னவென்றால், துரியன் நம் ஊர் மரமே கிடையாது. போர்னியோ, சுமத்ரா காடுகளில் பிறந்த மரம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைப் பிடித்தார்கள். அங்கேயிருந்து வந்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் குற்றாலத்தில் நட்டுத் தோட்டம் போட்டார்கள். துரியன், மங்குஸ்தான் வகையறாக்கள் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வரவு. அகத்தியர் எந்த யுகத்தில் இங்கே வந்திருந்தாலும், துரியன் சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. அதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்பதற்கு நிரூபணமான மருத்துவ ஆதாரமும் இல்லை.

அந்தப் பெண்ணை நினைத்துச் சிரிக்காதீர்கள். என் சித்தப்பா கதையைக் கேட்டபிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சித்தப்பா தென்காசிக்காரர். நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். சப்-ரிஜிஸ்தரார் ஆபீஸ் வாசலில் அவருடைய மேஜைக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மூலப் பத்திரம் எங்க?" முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், தாய்ப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், ஒரு சென்ட் இடத்துக்குக்கூட அவர் பேனாவைத் திறந்ததில்லை. சொந்த மச்சான் கேட்டபோதும் முடியாது என்று சொல்லிவிட்ட மனுஷன்.

அப்பேர்ப்பட்டவர், செல்போனில் வந்த ஒரு செய்தியை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மூன்று மாதம் ஏதோ ஒரு பொடி. இடது காலில் சின்னதாக ஒரு புண். கடைசியில் பெருவிரலை எடுக்க வேண்டி வந்தது.

பார்க்கப் போயிருந்தபோது கேட்டேன். "யாரு சொன்னா சித்தப்பா?"

"எல, அகத்தியர் ஏட்டுல இருக்கு. பழைய ஏடு. இவனுவ மாத்திர நேத்து வந்தது."

"ஏட்டை நீங்க பாத்தீங்களா?"

"படம் போட்டிருந்தாம்லா!"

ஓலைச்சுவடி படம். அவ்வளவுதான் ஆதாரம். நிலத்துக்கு முப்பது வருஷ வில்லங்கம் பார்த்தவர், உடம்புக்கு ஒரு போட்டோ பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏன் இப்படி? மருத்துவ விஷயத்தில் மட்டும் நாம் ஏன் சொன்னதைப் பார்க்காமல் சொன்னவரைப் பார்க்கிறோம்? சொன்னவரையாவது சரியாகப் பார்க்கிறோமா என்றால், அவர் போட்டிருக்கும் வேஷத்தைத்தான் பார்க்கிறோம்.

இதைக் குற்றாலத்துக் கவிஞர் ஒருத்தர் சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார். தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரம். அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. குற்றாலநாதர்மேல் காதல்கொண்டு வாடுகிறாள் வசந்தவல்லி. குறி சொல்ல வருகிறாள் குறத்தி. வந்தவள் உடனே கையைப் பிடித்துக் குறி சொல்லிவிடுகிறாளா? இல்லை. முதலில் தன் மலையின் பெருமை, தன் குலத்தின் பெருமை, தன் குறியின் பெருமை. கதையின் கடைசியில் சிங்கன், தன் சிங்கியின் மேலெல்லாம் நகை பளபளப்பதைப் பார்த்து இது ஏது, அது ஏது என்று கேட்க, இது இன்ன ஊரில் குறி சொல்லி வாங்கியது என்று அடுக்குகிறாள். நகைதான் அவளுக்கு சர்டிஃபிகேட். இன்றைக்கு 'பல நாடுகளில் விருது பெற்ற' என்று விளம்பரம் போடுகிறார்களே, அதேதான்.

குறத்தியின் குறி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. மருத்துவத்துக்கு இதே வேஷம் போடப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு அபாரமான நிஜக் கதை இருக்கிறது. அதற்கு நாம் குற்றாலத்திலிருந்து சென்னைக்கு ஒரு ரயில் பிடித்து, அப்படியே இருநூறு வருஷம் பின்னாலும் போக வேண்டும்.

*

பெரியம்மை. இன்றைய தலைமுறைக்கு அந்தப் பயம் தெரியாது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும். பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போகும். முகத்தில் ஆயுசுக்கும் தழும்பு. நோய்க்கே 'அம்மை' என்று பெயர் வைத்து, வேப்பிலை கட்டி, மாரியம்மனிடம் கையேந்துவதைத் தவிர வேறு வழி இல்லாத காலம்.

1796-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்கிற டாக்டர், மாட்டுக்கு வரும் அம்மைக் கொப்புளத்து நீரை மனிதர் உடம்பில் கீறி ஏற்றினால் பெரியம்மை வராது என்று செய்து காட்டினார். வாக்ஸினேஷன் என்ற சொல்லே பசுவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். வியன்னா, பாக்தாத், பஸ்ரா என்று கைக்குக் கை மாறி, 1802 ஜூன் 14-ம் தேதி பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதல் அம்மைகுத்து நடந்தது. அப்போது ஐஸ் பெட்டி ஏது? ஒருவர் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் கீற வேண்டும். மனிதர்களே பாட்டில், மனிதர்களே ஃப்ரிட்ஜ்!

அதே வருஷமே மருந்து சென்னைக்கும் வந்தது. ஜனங்கள் கையை நீட்டினார்களா? மாட்டார்கள் இல்லையா? யோசித்துப் பாருங்கள். சொல்கிறவன் அந்நிய தேசத்தான். நேற்றுவரை சண்டை போட்டு ஊரைப் பிடித்தவன். குத்துவது மாட்டிலிருந்து வந்த சீழ். அதுவும் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கை வழியாக வருகிறது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர்களை முட்டாள்கள் என்று சொல்வதற்கில்லை. நம்புவதற்கு அவர்கள் கையில் ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை என்பதுதான் நிஜம்.

கம்பெனிக்குப் புரிந்தது. சரக்கு நல்ல சரக்கு, விற்கிறவன் முகம் சரியில்லை.

முதலில் ராஜ குடும்பத்து முகம். 1805-ல் தாமஸ் ஹிக்கி என்கிற ஓவியர் மைசூர் அரண்மனைப் பெண்கள் மூன்று பேரைப் படம் வரைந்தார். அதில் ஒருத்தர் சேலைத் தலைப்பை விலக்கி மேற்கையைச் சுட்டிக்காட்டுகிறார். அம்மை குத்திக்கொண்ட இடம் அது என்றும், ஜனங்களை நம்பவைக்க வரையப்பட்ட ஓவியம் என்றும் வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் கண்டுபிடித்துச் சொன்னார். சினிமா நடிகை சோப்பு விளம்பரத்தில் வருகிறாரே, அதற்கு கொள்ளுப்பாட்டி!

அடுத்து வந்தவர்தான் நம் கதாநாயகர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னையில் எல்லிஸ் சாலை தெரியுமல்லவா? அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். 1810-லிருந்து சென்னைக் கலெக்டர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். 1818-ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டி, அதற்குக் கல்வெட்டு வைத்து, அதில் குறளையும் பொறித்துவைத்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே நிறுவியவர். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால்!

அப்பேர்ப்பட்ட அறிஞர், அம்மைகுத்தைப் பரப்ப ஒரு கதை எழுதினார். தமிழில். சக்திக்கும், தேவ வைத்தியரான தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடல். பசு தரும் பஞ்சகவ்யம் ஐந்து பொருள் நமக்குத் தெரியும். ஆறாவதாக ஒன்றும் உண்டு, அதுதான் அம்மையைத் தடுக்கும் இந்த மருந்து என்று தேவியே தன்வந்திரிக்கு அருள்கிறாள். ஜென்னரைக் காணோம். இங்கிலாந்தைக் காணோம். அம்மை தந்த அம்மனே மருந்தும் தந்துவிட்டாள்.

எல்லிஸுக்குத் தமிழ் ஜனங்களின் மனசு எவ்வளவு அத்துப்படி பாருங்கள். தெய்வம், பசு, பழமை. மூன்று முத்திரையும் ஒரே பத்திரத்தில் குத்தியாயிற்று. மூலப் பத்திரம்தான் இல்லை.

இதோடு நிற்கவில்லை. 1819 ஜனவரி. 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம். எழுதியவர் பெயர் 'கல்வி விரும்பன்'. அம்மைகுத்து ஒன்றும் புதிதல்ல, அது நம் முன்னோர்களுக்கே தெரியும், தன்வந்திரி இயற்றிய சாக்தேய கிரந்தத்தில் இருக்கிறது என்று சொல்லி, சமஸ்கிருத வாசகத்தையும் கொடுத்திருந்தார். பசு மடியின் கொப்புளத்து நீரை, அல்லது மனிதக் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை, கத்தி நுனியில் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ரத்தம் துளிர்க்கும்வரை கீறி ஏற்ற வேண்டும்... அட, ஜென்னர் ஆட்கள் அன்றாடம் செய்துகொண்டிருந்த அதே வேலை, அதே இடம், அதே வரிசை!

இந்தக் கடிதம் கப்பலேறியது. சில வருஷங்களுக்குள் பிரான்ஸில் மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் இடம்பிடித்தது. அதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அவரைப் பார்த்து மற்றொருவர். நம் ஊர் ஃபார்வர்டு மாதிரியேதான். வேகம் மட்டும் கொஞ்சம் கம்மி.

கிளைமாக்ஸ் கிண்டியில். 1905-ல் கிங் இன்ஸ்டிடியூட் திறப்பு விழா. அம்மைகுத்து மருந்து தயாரிக்கும் நிறுவனம். பேச வந்தவர் சென்னை கவர்னர் ஆம்ப்தில் பிரபு. பண்டைய இந்தியர்களுக்கு அம்மைகுத்து தெரிந்திருக்கிறது, தன்வந்திரி எழுதியிருப்பதாகக் கர்னல் கிங் சொல்கிறார் என்று மேடையில் பேசினார். நேட்டிவ்களை நம்பவைக்க உருவான கதை, எண்பத்தாறு வருஷம் ஊர் சுற்றிவிட்டு, கவர்னர் வாயிலேயே வரலாறாக வந்து இறங்கியது!

1980-களில்தான் டொமினிக் வூயஸ்டிக் என்கிற சமஸ்கிருத ஆய்வாளர் பொறுமையாக நூல்பிடித்துப் பின்னோக்கிப் போனார். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கினார். என் சித்தப்பா பாஷையில் சொன்னால், வில்லங்கம் போட்டுப் பார்த்தார். எல்லாப் பாதையும் இந்தக் கடிதத்தில் வந்து முடிந்தது. தன்வந்திரியின் பெயரால் சொல்லப்பட்ட ஏடு எங்கேயும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இதே எல்லிஸ்தான் ஒரு பெரிய போலியைப் பிடித்தவர். 'எஸுர் வேதம்' என்று ஒன்று. பிரெஞ்சு அறிஞர் வால்டேர் அதை நிஜ வேதம் என்று நம்பி, 1761-ல் பாரிஸ் அரசு நூலகத்துக்கே கொடுத்தார். எல்லிஸ் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சுவடிகளைப் பார்த்து, இது வேதமல்ல, கிறிஸ்துவப் பாதிரியார்கள் சமைத்தது என்று அம்பலப்படுத்தினார். அடுத்தவர் பத்திரத்தில் போலிக் கையெழுத்தைக் கண்டுபிடித்தவர், தான் எழுதிய பத்திரத்தில் தன்வந்திரியைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தார்.

அந்தக் கடிதம் வெளியான இரண்டே மாதத்தில், 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்துபோனார். காலராவால் என்று ஒரு குறிப்பு. தவறுதலாக விஷத்தைக் குடித்துவிட்டதால் என்று இன்னொரு குறிப்பு. மருந்துக்குப் பொய் மூலம் எழுதிய மனிதரின் மரணத்துக்கே இரண்டு மூலம்!

*

"அதனால் என்ன சார்? பொய் சொல்லியாவது உயிரைக் காப்பாற்றினார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து நிஜம். அம்மைகுத்தால்தான் 1980-ல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. அந்த வகையில் எல்லிஸ் செய்தது புண்ணியப் பொய்தான்.

பி.காம். படித்தபோது ஆடிட்டிங் வாத்தியார் ஒரு பாடம் சொல்வார். கூட்டல் சரியாக வந்துவிட்டது என்பதற்காகப் பொய் வவுச்சரைப் பாஸ் பண்ணாதே. இன்றைக்கு நல்ல செலவுக்குப் பொய் வவுச்சரை ஒத்துக்கொண்டால், நாளைக்குத் திருடனும் அதே மாதிரி வவுச்சர்தான் கொண்டுவருவான். உனக்கு வித்தியாசம் தெரியாது.

அதுதான் நடந்தது. சித்தப்பாவுக்கு வந்த செய்தியை இன்னொரு தடவை பாருங்கள். முனிவர் பெயர், பழைய ஏடு, எழுதியவர் பெயர் கிடையாது. கல்வி விரும்பன் கடிதத்தின் அதே அச்சு. உள்ளே இருந்த சரக்கு மட்டும் மாறிவிட்டது. அன்றைக்கு உயிர் காக்கும் மருந்து. இன்றைக்கு விரலைத் தின்ற பொடி.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, செல்போனில் பரவிய வதந்திகளை நம்பிப் பல பெற்றோர்கள் வேண்டாம் என்று மறுத்தார்கள். அரசாங்கம் முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. அந்த வதந்திகளிலும் யாரோ ஒரு டாக்டர், யாரோ ஒரு விஞ்ஞானி சொன்னதாகத்தான் இருந்தது. வேஷம் நல்லதற்கும் பொருந்தும், கெட்டதற்கும் பொருந்தும்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிடாதீர்கள். தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் பாளையங்கோட்டை. 1964-லிருந்து அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவருக்குப் பெயர் உண்டு, பதிவு எண் உண்டு, தப்பு நடந்தால் போய்க் கேட்க ஒரு வாசல் உண்டு. ஏட்டுப் படத்துக்கு என்ன உண்டு?

சட்டமும் இருக்கிறது. மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம், 1954. இன்னின்ன நோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரமே செய்யக்கூடாது என ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயும் அதில் உண்டு. ஆனால், பெயரே இல்லாத செய்திக்கு எந்தச் சட்டம் சம்மன் அனுப்பும்?

அப்படியானால் நம்மைப் போன்ற சாமானியன் எதைப் பார்ப்பது? இதற்கும் பதில் குற்றாலத்திலேயே கிடைக்கிறது.

1830-களில் இந்த மலைக்கு ராபர்ட் வைட் என்கிற கம்பெனி டாக்டர் வந்தார். செடிகொடிப் பைத்தியம். குற்றாலத்துக் காட்டில் செடி செடியாகச் சேகரித்தார். 1838-லிருந்து 1853 வரை அவர் வெளியிட்ட தாவரப் படங்கள் 2,101. வரைந்து கொடுத்த ரங்கையா, கோவிந்து ஆகிய நம் ஊர் ஓவியர்களின் பெயரும் இன்று உலகத்துக்குத் தெரியும். செடி எங்கே கிடைத்தது, எந்த மாதத்தில் பூத்தது என்று குறிப்பும் எழுதிவைத்தார். ஏன் அவரை நம்புகிறோம்? வெள்ளைக்காரர் என்பதாலா? டாக்டர் என்பதாலா? இல்லை. சந்தேகம் இருந்தால் நீயே அந்த மாதம் குற்றாலத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள் என்று வழி சொல்லிவைத்திருக்கிறார். எல்லிஸின் கதையில் அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. தன்வந்திரி வீட்டுக்கு யார் போய் விசாரிப்பது?

இன்னொரு அடையாளமும் உண்டு. அது தென்காசிக் கோயிலில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே கல்லில் பாட்டு வெட்டிவைத்திருக்கிறான். என்ன பாட்டு? என் வீரம், என் வெற்றி என்றா? இல்லை. இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏதாவது குறை வந்தால், அதை வந்து சரிசெய்கிறவர் யாராக இருந்தாலும் அவர்களை நான் பணிகிறேன் என்கிறான். ராஜா! தன் வேலையில் குறை வரலாம் என்று கல்லில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். நல்ல வைத்தியனும் அப்படித்தான் பேசுவான். இந்த மருந்து இத்தனை பேருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, கேட்காவிட்டால் திரும்பி வா என்பான். நூற்றுக்கு நூறு கியாரன்டி என்கிறவனிடம்தான் நாம் பர்ஸை மூடிக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். எல்லிஸ் கதையை ரசித்துக் கேட்டார். கட்டுப் போட்ட காலை மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

"அப்பம் அதுக்கும் மூலப் பத்திரம் கெடையாது, என்னா?"

"கெடையாது சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அன்று காலையில் வந்த ஒரு செய்தி. மூட்டுவலிக்கு ஏதோ ஒரு கஷாயம். கீழே கொட்டை எழுத்தில், 'சித்தர் அருளியது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

"இத அனுப்புனவன் நம்ம பயதான். என்ன பதில் போட?"

"நாப்பது வருஷமா என்ன கேட்டீங்களோ, அதையே கேளுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.